தீவில் பூட்டியிருந்த ஒரே கார்

வாசலில் வான் வந்து நின்றுவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. வானை ஓட்ட வந்த யூர்கன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டார். பெட்டிகள் எல்லாம் ஏற்றியாயிற்று, நானும் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஒரு காலை வானுக்குள் வைத்த என் கணவர் எதையோ நினைத்துக்கொண்டு காலை மறுபடி வெளியே எடுத்தார்.

"ஒரு நிமிசம், வாறன்."

எங்கள் வீடு நாலாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. அடுப்பை நிறுத்தினோமா என்று பார்க்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். வானுக்குள் இருந்த ஜேர்மன்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மூச்சிரைக்க ஓடி வந்தவரின் தோளில் அந்தப் பை தொங்கியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இஞ்சேருங்கோ, நாங்கள் கரீபியனுக்குப் போறம். ஓடித் தப்பப் போகேல்ல."

"இருக்கட்டும்" என்றார். பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். விமானநிலையம் வரைக்கும் அந்தக் கை எழும்பவில்லை.

பை என்றால் எந்தப் பை

எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் இலங்கையில் எங்கள் பகுதி வீடு ஒவ்வொன்றிலும் கதவடியில் ஒரு பை கட்டி வைத்திருக்கும். அடையாள அட்டை, பிறந்த அத்தாட்சி, ஞானஸ்நான அத்தாட்சி, காணி உறுதி, இருக்கிற நகை, செபமாலை, ஒரு ரோச் லைற். ஷெல் விழத் தொடங்கினால் பிள்ளையை ஒரு கையில் தூக்கு, பையை மறு கையில் தூக்கு, ஓடு. அவ்வளவுதான்.

இவர் மன்னார்ப் பக்கம். ஒருநாள் ஓடும்போது, பின்னேரம் திரும்பி வந்துவிடலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டார் பையைக் கதவடியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பின்னேரம் வரவேயில்லை. பிறகு இவர் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை. விசாரணையில் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, நீ இன்னார்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்பது. தான் தான்தான் என்று நிரூபிக்க மனிதனுக்கு வருடக்கணக்காயிற்று. இடையில் ஒரு காணி உறுதியின் பிரதியை மட்டும் யாரோ உறவினர் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் இவருடைய தகப்பனாரின் பெயரும் ஊரும் இருந்தன. கடைசியில் அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டுதான் நீலப் புத்தகம் கொடுத்தார்கள்.

நீலப் புத்தகம் என்றால் அகதிகளுக்கான பயணப் புத்தகம். மூலையில் சாய்வாக இரண்டு கோடு போட்டிருக்கும். அது இருந்தால் நாங்கள் ஆட்கள். இல்லாவிட்டால் இல்லை.

அதனால் இவருக்குப் பையின்மேல் இருந்த பிடிப்பு எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கினால் எரிச்சல் வராது என்று யார் சொன்னது? கல்லறைபோல் அமைதியான ஒரு ஜேர்மன் ஊரில், டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரத் தூரத்தில் நாங்கள் இருந்தோம். அங்கே கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் பை வரும். பூசைக்குப் போனாலும் வரும். மகள் அனிற்றா பிறந்தபோது பிரசவ வார்டுக்கு முதலில் வந்தது பை, பிறகுதான் இவர்.

வீட்டில் விட்டுவிட்டு வரலாம்தானே என்று கேட்பீர்கள். அந்த நாட்களில் எங்கள் ஆட்களின் வீடுகளில் நகை இருக்கும் என்று கள்ளருக்குத் தெரிந்துவிட்டதாக ஒரு கதை. கலியாண நாளில் எல்லாரும் மண்டபத்துக்குப் போன நேரம் பார்த்து உடைக்கிறார்களாம். அதே ஊரில் இருந்த ராணி அக்கா வந்து சொன்னதிலிருந்து இவர் கதவுக்கு இன்னொரு பூட்டும் போட்டார். பூட்டியும் பையை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

குளிர்க் குட்டையில் ஒரு சைக்கிள்

அகதிக்கு எங்கேயிருந்து கரீபியன் என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது.

இவருடைய ஊர் சங்கு குளிக்கிற ஊர். சின்ன வயதில் கடலுக்கடியில்தான் பாதிப் பொழுது. இரும்பு வேலைத்தலத்தில் கூட வேலை செய்த யூர்கன் நீருக்கடியில் மூழ்கிப் பார்க்கிற சுழியோடிகள் கழகம் ஒன்றில் உறுப்பினர். ஒரு கோடையில் இவரைக் கூட்டிக்கொண்டு போனார். மண் அள்ளிய பெரிய கிடங்கில் தண்ணீர் நின்று உண்டான குட்டை அது. பச்சைத் தண்ணீர். எலும்பு வரைக்கும் குளிரும். அதற்கடியில் பார்ப்பதற்கென்று கழகத்தார் ஒரு பழைய சைக்கிளை இறக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சைக்கிளைப் பார்க்கக் கொட்டும் மழையில் வரிசையில் நின்றார்கள் ஜேர்மன்காரர்கள். கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் இவர் அந்தக் குட்டையிலிருந்து எழும்பி வந்தபோது இருந்த முகத்தை நான் ஜேர்மனியில் அதற்கு முதல் கண்டதில்லை. அதனால்தான் கழகம் கரீபியன் பயணம் போகிறது என்றதும், நத்தார்ப் பெருநாள் உடுப்பு, புது சோபா எல்லாவற்றையும் நிறுத்தி நாங்களும் பெயர் கொடுத்தோம். நீலப் புத்தகத்துக்கு அந்தத் தீவு விசா கொடுப்பதற்குள் பட்ட பாட்டை எழுதினால் இந்த இதழ் போதாது. ஒல்லாந்துக்காரரின் ஒரு சின்னத் தீவு என்பதோடு விடுகிறேன்.

அனிற்றாவை ராணி அக்காவிடம் விட்டோம். அப்போது அவளுக்கு நாலு வயது. அழாமல் இருக்க ஒரு பேரம் பேசினாள். "அம்மா, நீல மீன் பாத்து வந்து எனக்குச் சொல்ல வேணும்." சொல்கிறேன் என்று சத்தியம் பண்ணினேன்.

ஹெர் வில்கன்ஸ் சொன்ன சட்டம்

போவதற்கு முன் கழகத் தலைவர் ஹெர் வில்கன்ஸ் ஒரு கூட்டம் வைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். வெள்ளைத் திரையில் படம் காட்டிச் சொன்னார்.

அந்தத் தீவில் ஆளைத் தொடுகிற கள்ளர் குறைவு. ஆனால் கரையோரம் காரை நிறுத்திவிட்டு நீங்கள் தண்ணீருக்குள் போனால், கரையில் ஒருவரும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். கற்றாழைக்குள் இருந்து வருவார்கள், எடுப்பார்கள், போவார்கள். ஆகவே காரில் ஒன்றும் வைக்கக் கூடாது. துவாய்கூட வேண்டாம். கதவைப் பூட்டக் கூடாது. கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட வேண்டும்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார்.

"பூட்டக் கூடாதாமே?" என்று தமிழில் கேட்டார். "இந்த மனிசனுக்கு விசரோ?"

"உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டத்தான்" என்றார் ஹெர் வில்கன்ஸ், இவருடைய முகத்தைப் பார்த்தே கேள்வியை விளங்கிக்கொண்டு. "பூட்டிய கார் கள்ளனைக் கூப்பிடும். கடவுச்சீட்டு, பணம், நகை எல்லாம் விடுதிப் பெட்டகத்தில். விளங்கியதா?"

"ஓம், ஓம்" என்று தலையாட்டினார் இவர். அந்த ஓமின் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

காவற்காரி

தீவு அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். மஞ்சளும் ரோசாவுமாக வீடுகள், வீதியில் ஆடுகள், வீட்டு முற்றத்தில் பல்லிகள். கடல் கண்ணாடி மாதிரி. நாற்பது அடி ஆழத்தில் கிடக்கிற கல்லும் தெரியும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவருடைய றெக்சின் பைதான்.

பெட்டகத்தின் சாவி விடுதிக்காரியிடமும் இருக்கிறது என்று இவர் கண்டுபிடித்துவிட்டார். அறையைக் கூட்ட வருகிறவளிடம் அறைச் சாவி இருக்கிறது என்றும் கண்டுபிடித்துவிட்டார். மிச்சம் யார்? நான்தான். காலையில் எல்லாரும் தண்ணீருக்குள் போய்விடுவார்கள். நான் பவளக்கல் குத்துகிற கரையில், ஒரு முள்மரத்தின் அரை நிழலில், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பை வேர்வையில் என் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

பொழுது போகாமல் பைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு நீலப் புத்தகம், சரி. என் காப்பும் அனிற்றாவின் சங்கிலியும், சரி. காணி உறுதி! மன்னாரில், கண்ணிவெடி விதைத்துக் கிடக்கிற அரை ஏக்கர் காணியின் உறுதிக்குக் கரீபியன் கடற்கரையில் என்ன வேலை?

எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. ஒவ்வொரு தரமும் இவர் தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்ததும் கரையைப் பார்ப்பார். கண் நேரே என் மடிக்குத்தான் வரும். பை இருக்கிறது என்று கண்ட பிறகுதான் என் முகத்துக்கு ஏறும். கலியாணம் கட்டித் தேனிலவு என்று ஒன்றைக் காணாத எனக்கு இதுதான் தேனிலவு!

ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். "நான் இஞ்ச மீன் பாக்க வந்தனானோ, பை காக்க வந்தனானோ?"

இவருடைய முகம் கறுத்துப்போயிற்று.

நாலு கதவும் பூட்டினார்

மறுநாள் காலையில் அவராகவே சொன்னார். "இண்டைக்கு நீரும் வாரும். நான் கையைப் பிடிக்கிறன்."

ஹெர் வில்கன்ஸின் மனைவி பிரிகிட்டே தன்னுடைய முகக்கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் எனக்குத் தந்தார். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. பை என்ன ஆகும் என்று கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தால் இவர் அதை எங்கள் வாடகைக் காரின் முன் ஆசனத்துக்கு அடியில் தள்ளி, மேலே துவாயைப் போட்டு மூடிக்கொண்டிருக்கிறார். பிறகு நாலு கண்ணாடியையும் ஏற்றினார். நாலு கதவையும் பூட்டினார். ஒவ்வொரு பிடியையும் இழுத்துப் பார்த்தார். ஜேர்மனியில் வீட்டைப் பூட்டுகிற மாதிரியே.

"ஹெர் வில்கன்ஸ் சொன்னவரெல்லே..."

"அவங்களுக்கு ஒண்டு போனால் இன்னொண்டு வாங்குவாங்கள். எங்களுக்கு?" என்றார். "பூட்டினால்தான் எனக்கு நிம்மதி. வாரும்."

அந்தக் கரை நெடுகக் கார்கள் நின்றன. எல்லாம் கண்ணாடி இறக்கி, கதவு திறந்து, வெறுமையாக. எங்கள் கார் ஒன்றுதான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது.

இடுப்பளவு தண்ணீரில் நின்று குழாயால் மூச்சுவிடப் பழகினேன். உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் துப்பினேன். இவர் சிரித்தார். தலையை உள்ளே வைக்க இன்னும் தைரியம் வரவில்லை. அப்போதுதான் கரையிலிருந்து பிரிகிட்டே கத்துகிற சத்தம் கேட்டது.

காரின் பக்கக் கண்ணாடி மணி மணியாக உதிர்ந்து ஆசனமெல்லாம் கிடந்தது. துவாய் வெளியே கிடந்தது. பை இல்லை.

இவர் அந்தக் கண்ணாடி மணிகளுக்குமேல் வெறும் காலோடு நின்றார். காலில் இரத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை. "பூட்டினனான்" என்றார் என்னிடம். "நீர் கண்டனீர்தானே. பூட்டினனான்."

ஏன் பூட்டினீர்கள்?

பொலிஸ் நிலையத்தில் ஒரு மின்விசிறி, ஒரு மேசை, ஒரு பொலிஸ்காரர். யூர்கன் கூட வந்து ஆங்கிலத்தில் பேசினார்.

"கார் பூட்டியிருந்ததா?"

"பூட்டியிருந்தது."

"ஏன் பூட்டினீர்கள்?"

என் வாழ்க்கையில் ஒரு பொலிஸ்காரர் அப்படிக் கேட்டு அன்றுதான் கேட்டேன். பிறகு எந்த நாட்டவர் என்று கேட்டார். ஜேர்மனியில் இருக்கிறோம், ஆனால் ஜேர்மன்காரர் இல்லை. இலங்கையர், ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டு இல்லை. அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அந்தப் புத்தகங்கள் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

நீலப் புத்தகம் தந்த ஜேர்மன் அலுவலகத்துக்கு யூர்கன் தொலைபேசி எடுத்தார். தொலைந்ததை அறிவிக்க வேண்டுமானால் நாங்கள் நேரில் வர வேண்டுமாம். வருவதற்கு டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுக்க வேண்டுமாம். "அவர்களால் வர முடியாது, அதுதானே பிரச்சினை!" என்று யூர்கன் கத்தியதில் விடுதி முற்றத்துப் பல்லியெல்லாம் ஓடிவிட்டது. வருத்தம்தான், ஆனால் விதி அப்படித்தான் என்றது அந்தப் பக்கம்.

ராணி அக்காவுக்கு எடுத்தேன். "மேரி, அழாதையும். ஆண்டவர் இருக்கிறார். பிள்ளை நல்லாச் சாப்பிடுறாள்" என்றார். பிறகு அனிற்றாவின் குரல் வந்தது.

"அம்மா, மீன் பாத்தியளோ?"

"இன்னும் இல்லையம்மா."

"ஏன்?"

இவரிடம் கொடுத்தேன். இவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு "ஓம் குஞ்சு, ஓம் குஞ்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "திரும்பவும் நான் ஆரெண்டு சொல்லிக்கொண்டு நிக்கப் போறன்."

எனக்கு அந்தத் தீவின் மேல் கோபம், கள்ளன் மேல் கோபம், அலுவலகத்தின் மேல் கோபம். இவர் மேல் கோபப்பட முயன்றேன், வரவில்லை. பயம்தான் வந்தது. என் பிள்ளை ஒரு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், நான் இந்தப் பக்கம் இருக்கிறேன், நடுவில் இரண்டு நீலப் புத்தகம்.

கயிறு பிடித்தவர்கள்

மறுநாள் காலை ஹெர் வில்கன்ஸ் எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார். முகம் சிவந்திருந்தது.

"காரில் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று சொன்னேன். ஜேர்மனில் சொன்னேன். படம் காட்டிச் சொன்னேன்!"

இவர் தலையைக் குனிந்து நின்றார். எனக்கு வாயில் நல்ல பதில் வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கியது நல்லதாயிற்று. ஏனென்றால் அடுத்து அவர் தன் அறைக்குள் போய் ஒரு கட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கள்ளனுக்குக் கடதாசி தேவையில்லை. எறிந்திருப்பான்" என்றார். "குட்டையில் தேடுகிற மாதிரித் தேடுவோம்."

பச்சைத் தண்ணீருக்கடியில் எதையாவது தவறவிட்டால் கழகத்தார் தேடுகிற முறை ஒன்று உண்டு. நீளக் கயிற்றை எல்லாரும் பிடித்து, கை எட்டுகிற இடைவெளியில் நின்று, ஒரே வேகத்தில் நகர்வார்கள். மழையில் அந்தச் சைக்கிளைச் சுற்றி அவர்கள் அப்படிப் பழகும்போது எவ்வளவு நக்கலடித்திருப்பேன்! அன்றைக்குக் கரையோர வீதிக்கு அப்பால், கற்றாழையும் முள்ளும் மண்டிய வெளியில், சுழியோடுகிற சப்பாத்துகளோடு அவர்கள் கயிறு பிடித்து நடந்தார்கள். கடல் பக்கத்தில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முதலில் பிரிகிட்டே கண்டது செபமாலை. கற்றாழை முள்ளில் தொங்கியது. கொஞ்சம் தள்ளி வாய் பிளந்து பை. அத்தாட்சிகள் காற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒரு முள்மரத்தின் அடியில், ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டு நீலப் புத்தகம்.

நான் அப்படியே முள்ளுக்குள் இருந்துவிட்டேன். பிரிகிட்டே என்னைக் கட்டிப்பிடித்தார். காப்பும் சங்கிலியும் போனது போனதுதான், அதைப் பற்றி அந்த நேரம் யார் நினைத்தது?

"ஆடு!" என்று யூர்கன் கத்தினார்.

ஒரு வெள்ளை ஆடு காணி உறுதியைச் சப்பிக்கொண்டு நின்றது. எங்கள் கனவான் ஓடிப் போய்ப் பிடுங்கினார். அரைவாசிதான் மிஞ்சியது. தகப்பனாரின் பெயர் இருந்தது. ஊர்ப் பெயர் ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது. இவர் அந்தத் துண்டை உள்ளங்கையில் விரித்து நீவி நீவிப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த உறுதிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவள் நான்தான். எனக்கு அழுகை வந்தது.

கடைசிக் காலை

மறுநாள் பின்னேரம் விமானம். காலையில் எல்லாரும் கடைசித் தரமாகக் கடலுக்குப் போனார்கள். இவர் சுழியோடும் உடுப்பை எடுக்கவில்லை.

"நீர் போம்" என்றார். "பிள்ளைக்கு மீன் சொல்ல வேணுமெல்லே. பை என்னட்ட இருக்கட்டும்."

"நீங்கள் ஒருக்கா இறங்கேல்லையோ?"

"நான் சின்னனில காணாத கடலோ? போம்."

பிரிகிட்டே என் கையைப் பிடித்துக்கொண்டார். உடைந்த கண்ணாடிக்கு அட்டை ஒட்டிய எங்கள் கார் கரையில் நின்றது. மற்றக் கண்ணாடிகளை இவரே இறக்கிவிட்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் வைத்தேன். பிறகு திறந்தேன்.

நீல மீன் இருந்தது. ஒன்றில்லை, ஒரு பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. மஞ்சள் வரி போட்டது, கிளி மூக்கு மாதிரி வாய் உள்ளது, கல்லைக் கடித்துக் கடித்துத் தின்றது. அந்தக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. வேறு ஒரு சத்தமும் இல்லை. அலுவலகம் இல்லை, பொலிஸ் இல்லை, ஷெல் இல்லை. அனிற்றாவுக்குச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று குழாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி மிதந்தேனோ தெரியாது.

திடீரென்று தலையை வெளியே எடுத்தேன். கண்ணில் உப்பு எரிய, கரையைத் தேடினேன்.

பை இருந்தது.

அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்த முள்மரத்தின் அரை நிழலில், என் மனிசனும் இருந்தார்.